காலரில் குத்திய ஏழாவது ஊசி

சட்டைக் காலரின் உள்பக்கம், மடிப்புக்கு அடியில், ஐந்து வருடம் ஓர் ஊசியைக் குத்தி வைத்திருந்தேன். சட்டை கிழிந்து வேறு சட்டை வந்தால் ஊசியும் அதற்கு மாறிவிடும். ஓசூரில் லாரிக்குப் பாரம் ஏற்றியபோதும், தூத்துக்குடியில் உப்பு மூட்டை சுமந்தபோதும் அது என்னோடு இருந்தது. எனக்குத் தைக்கத் தெரியாது. அந்த ஊசி என்னுடையதும் இல்லை. மேற்குத் தாம்பரத்தில் எனக்கு ஓர் அறையை வாடகைக்கு விட்டிருந்த அக்காவுடையது.

ஏழாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு எந்த ஊரிலும் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. தாம்பரத்துக்கும் அப்படித்தான் வந்தேன். மறைமலை நகரில் இரும்புத் துண்டுகளுக்குப் பிசிறு தேய்க்கும் பட்டறையில் வேலை; மின்சார ரயிலில் போய் வருவேன். அக்காவுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். கணவர் இறந்திருந்தார். சர்க்கரை நோயில் புண் ஆறாமல் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து, பழைய பருத்திப் புடவைகளை அடுக்கி, நடுவில் மெல்லிய பஞ்சு பரப்பி, மேலே துண்டுத் துணிகளைப் பொருத்தி, கையாலேயே போர்வை தைப்பார். குழந்தை பிறக்கப்போகும் வீடுகளில் சொல்லிவைத்து வாங்குவார்கள்.

ஒரு நூல்கண்டு கீழே உருண்டால் நான் வேலையிலிருந்து திரும்பும்வரை அது அங்கேயே கிடக்கும். அதனால் எல்லாமே அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. கத்தரி ஒரு ஷூ கயிற்றில் கழுத்திலிருந்து தொங்கும். ஜன்னல் கம்பிகளுக்குக் குறுக்கே ஒரு சைக்கிள் ஸ்போக்; அதில் நூல்கண்டுகள். கோடு போடத் தேய்ந்த சோப்புத் துண்டும், நூலில் தேய்க்க மெழுகுவர்த்தி அடிக்கட்டையும் கட்டில் சட்டத்தில் கட்டிய டப்பாவில். ஊசிகளுக்கு, உடைந்த ஸ்பீக்கரிலிருந்து நான் கழற்றிக் கொடுத்த காந்தம், இடது கைப்பக்கம்.

"என் கை எட்டற வரைக்கும்தான் தம்பி எனக்கு ஊரு" என்பார். "உன் கால்ல சக்கரத்தைக் கட்டி வுட்டுட்டாரு கர்த்தர். என் காலை எடுத்துக்கினாரு. ரெண்டு பேரையும் கலந்தா ஒரு நல்ல ஆளு கிடைச்சிருக்கும்."

அவருக்குக் கண் மங்கியிருந்ததால் காலையில் ஏழு ஊசிகளிலும் நூல் கோர்த்துக் காந்தத்தில் ஒட்டவைப்பது என் வேலை. முடிந்ததும் "ஏழுக்கா" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். மாலையில் அவர் விரலால் தடவி எண்ணுவார். ஏழும் திரும்பியிருந்தால்தான் போர்வையை மடிப்பார். ஏழும் திரும்பாமல் எந்தப் போர்வையும் அந்த வீட்டைவிட்டுப் போனதில்லை. "குழந்தை மேல போர்த்தறது. ஒண்ணு குறைஞ்சா அது உள்ளதான் கீதுன்னு அர்த்தம்."

ஊரப்பாக்கத்தில் அவருடைய தம்பி இருந்தார். அக்கா வேறு மதத்துக்காரரைக் கட்டிக்கொண்டதிலிருந்து பேச்சு இல்லை. பதினோரு வருடம். என் ரயில் தினமும் இரண்டு முறை அந்த ஸ்டேஷனில் நின்று போகும். அக்கா ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. ஒருநாள் அந்தத் தம்பியே போன் செய்தார். பெண் குழந்தை பிறந்திருக்கிறது, அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம், வந்துவிடு என்று மட்டும் சொன்னார். அன்று முதல் அக்கா வேறு யாருடைய போர்வையையும் தொடவில்லை. ஐந்து வாரம் தைத்தார். நான் ஆட்டோவில் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

ஞானஸ்நானத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை என் உள்ளங்கையில் இரும்புச் சிலாம்பு ஏறியிருந்தது. ஆறு ஊசிகளைக் கோர்த்து ஒட்டிவிட்டு, ஏழாவதால் சிலாம்பைக் குத்தி எடுத்தேன். ரத்தத்தைத் துடைக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஊசியைக் காலரில் குத்தினேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. "ஏழுக்கா" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு ஓடினேன்.

மாலையில் கடைசித் தையல் முடிந்திருந்தது. அக்கா எண்ணினார். ஆறு.

"தம்பி, நீ எடுத்தியா?"

"இல்லக்கா." பொய் சொல்லவில்லை. எனக்கு நினைவே இல்லை.

கட்டிலை உதறினேன். தரையைத் துடைப்பத்தால் கூட்டிப் பார்த்தேன். காந்தத்தைப் போர்வை முழுக்க ஓட்டினோம், எதுவும் ஒட்டவில்லை. உள்ளே எதுவும் இல்லை என்றேன். "காந்தத்தை நம்பிக் குழந்தை மேல போட முடியுமா? காலைல நீ ஏழுன்ன. உன் பேச்சை நம்பறதா, காந்தத்தை நம்பறதா?" என்றார்.

சனிக்கிழமை முழுவதும் பிரித்தார். நான் லீவு போட்டுவிட்டு, நேற்றைய சட்டையோடு, அறுத்த நூல்களைக் குனிந்து பொறுக்கினேன். மாலையில் புடவைகள் ஒருபக்கமும் பஞ்சு ஒருபக்கமுமாகக் கிடந்தன. ஊசி இல்லை. ஞாயிறு காலை, "சும்மா வந்தாப் போதும், வாங்கக்கா" என்று கூப்பிட்டேன். "பதினோரு வருஷம் கழிச்சு வெறுங்கையோட போய் நிக்க மாட்டேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மதியம் குழாயடியில் சட்டையைக் கசக்கும்போது விரலில் குத்தியது.

சொல்லியிருக்கலாம். இருபதடி தூரத்தில்தான் அவர் இருந்தார். ஈரச் சட்டையை அப்படியே கொடியில் போட்டேன். மறு வாரம் பையைத் தூக்கிக்கொண்டு, வேறு ஊரில் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லி, வாடகையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். இருப்புக் கொள்ளாமல் அலைகிறவன் என்று என்னைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். அந்த ஒருமுறை நான் அலையவில்லை, ஓடினேன்.

போன மாதம் தாம்பரத்தில் இறங்கினேன். அதே ஜன்னல், அதே கட்டில். முடி முழுக்க நரைத்திருந்தது. காந்தத்தில் ஆறு ஊசிகள்.

"வந்துட்டியா சக்கரக்காலு?" என்றார்.

காலரிலிருந்து ஊசியை எடுத்து நீட்டினேன்.

"தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் குனிஞ்சப்ப கழுத்தாண்ட மினுக்கிச்சு. அதுக்குள்ள எல்லாத்தையும் பிரிச்சாச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாமேக்கா."

"நீயா சொல்லுவன்னு பார்த்தேன். நீ பையைத் தூக்கினு பூட்ட."

ஊரப்பாக்கத்துத் தம்பியிடமிருந்து அதன்பிறகு போன் வரவில்லை என்றார். ஊசியைக் காந்தத்தில் ஒட்டினார். மெல்லிய சத்தம் கேட்டது. விரலால் தடவி எண்ணினார். பிறகு தலையணைக்குக் கீழிருந்து அந்தப் போர்வையை எடுத்தார். திரும்பவும் முழுதாகத் தைத்திருந்தார். ஐந்து வருடமாக மடிக்காமல் சுருட்டியே வைத்திருந்திருக்கிறார். இப்போது நான்காக மடித்து என் மடியில் வைத்தார்.

"நீதான் கொண்டு போகணும். என்னா நடந்துச்சுன்னு நீயே அவனாண்ட சொல்லு."

வாழ்க்கையில் முதல்முறையாக ஊரப்பாக்கத்தில் இறங்கினேன். அந்தத் தம்பி வீட்டுக் கேட்டுக்கு வெளியிலேயே நின்று, சிலாம்பிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. போர்வையை வாங்கி விரித்தார். ஐந்து வயதுப் பெண்ணுக்கு அது இனி இடுப்பு வரைக்கும்தான் வரும். ஓரத்திலிருந்து ஓரம்வரை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார்.

"எண்ணிட்டாளா?" என்றார்.

"எண்ணிட்டாங்க. ஏழு."

அவ்வளவுதான் பேச்சு. போர்வையோடு உள்ளே போனார், கேட்டைச் சாத்தவில்லை. பிறகு போன் செய்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் இப்போது வேறு ஊரில் இருக்கிறேன். காலையில் சட்டை போடும்போது விரல் தானாகக் காலரின் உள்பக்கம் போகிறது. அங்கே துணி மட்டும் இருக்கிறது.