யாருக்கு எந்தப் பாடம் தெரியலாம்?

அனிற்றாவுக்குக் கோபம் வந்தால் மௌஸைத் தூக்கி மேசையில் ஒரு குத்துக் குத்துவாள். 2008ஆம் வருஷம் அந்த மௌஸ் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

தெரணியகலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். அங்கே வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போன பழைய பிள்ளைக்காம்பராவுக்கு வெள்ளையடித்து ஒரு தொண்டு நிறுவனம் கம்ப்யூட்டர் நிலையம் திறந்திருந்தது. டீச்சர், கூட்டிப் பெருக்குகிறவர், கரண்ட் போனால் ஓடுகிறவர் எல்லாம் அனிற்றா ஒருத்திதான். அதே தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். ஏ.எல். உயர்தரப் பரீட்சை பாஸாகி, ஆசிரியர் கல்லூரி நேர்முகத்துக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆனால் லயத்துக்கு எந்தத் தபால்காரர் வந்தார்? எல்லாருடைய கடிதமும் தோட்டத்து ஆபீஸுக்குப் போய், பெரிய கிளாக்கர் சுதாகரனின் மேசையில் கிடந்துதான் கைக்கு வரும். அவள் கைக்கு வந்தபோது நேர்முகம் முடிந்திருந்தது. மறந்துவிட்டாராம்! எவ்வளவு லேசாகச் சொன்னார் மனுஷன்.

அந்த வருஷம் கொழும்பிலிருந்து நிறுவனம் இணையவழிப் படிப்புக்கு ஒரு மென்பொருள் அனுப்பியது. எந்தப் பாடம் யார் கண்ணில் படலாம் என்று வகுக்க வேண்டியது அனிற்றாவின் பொறுப்பு. புதிதாக வருகிறவருக்குத் தொடக்கப் பாடம், அதை முடித்தவருக்கு அடுத்தது. இவ்வளவுதான் அவள் நினைத்திருந்தாள். நிலையத்தின் கமிட்டித் தலைவரும் அதே சுதாகரன்தான். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அது சரிவராதும்மா. ஆபீஸ் ஸ்டாப் வீட்டுப் புள்ளைகளுக்கு எல்லாப் பாடமும் தெரியட்டும். கங்காணிமார் வீட்டுக்கு இங்கிலீஷ் வரைக்கும் போதும். லயத்துக்கு ரப்பர் பால் வெட்டு, சுகாதாரம், அது காணும்."

"படிக்கிறதுல என்னாங்க சார் ஸ்டாப்பு, லயம்?"

"தோட்டம்னா ஒரு ஒழுங்கு வேணாமா? கணக்குப் பாடத்த லயத்துக்குத் தொறந்து விட்டா நாளைக்குப் பால் வெட்ட யாரு போவா?"

ஒழுங்காம் ஒழுங்கு! உள்விஷயம் வேறு. ஆபீஸில் சின்னக் கிளாக்கர் வேலை ஒன்று காலியாகப் போகிறது. அந்தக் கணக்குப் பாடத்தை முடித்துப் பரீட்சையில் பாஸானவரைத்தான் எடுப்பேன் என்று தோட்டத்து மானேஜர் துரை சொல்லிவிட்டார். சுதாகரனின் மகன் பிரதீபன் வீட்டில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். லயத்திலோ ஷாமிளா இருந்தாள். ஓ.எல். பரீட்சையில் கணக்குக்கு ஏ எடுத்துவிட்டு விடியலில் பால் வெட்டப் போகிறவள். பின்னேரம் கையில் ரப்பர் பால் வாடை போகாமலே வந்து நிற்பாள்.

"டீச்சர், கணக்குப் பாடம் எப்பங்க வரும்?"

அந்தப் பிள்ளையிடம் என்னவென்று சொல்வது? "வரும், வரும்" என்று சொல்லிவிட்டு அனிற்றா மௌஸைக் குத்துவாள்.

சரி, யார் ஸ்டாப், யார் லயம் என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? அதற்கும் சுதாகரனே வழி சொன்னார்.

"நம்ம ஸ்டாப் வீடு எல்லாம் ஆபீஸ் ஈமெயில்தானே பாவிக்குது? அந்த அட்ரஸ் போட்டவன் ஸ்டாப். இதுக்குப் போயி மண்டைய ஒடைக்கிறியே!"

வயிறு எரிய எரிய அனிற்றா அப்படியே போட்டாள். ஆபீஸ் முகவரி போட்டுப் பதிந்தவருக்கு எல்லாப் பாடமும் தெரியும். ஒரே முகவரியைப் பல பேர் போடவும் விட்டாள். ஸ்டாப் வீடுகளுக்கு அது தேவைப்பட்டது. பதிகிற அன்று பார்த்து இன்டர்நெட் வரும் டெலிபோன் லைன் மூச்சுக்கு மூச்சு அறுந்தது. அவள் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, வந்தவர்கள் தாங்களே பதிந்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு ஷாமிளா கணக்குப் பாடத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. வருவாள், மூலைக் கம்ப்யூட்டரில் உட்காருவாள், போவாள். பாவம், விட்டுவிட்டாள் என்று அனிற்றா தன்மேலேயே எரிந்து விழுந்தாள். பக்கத்தில் போய்ப் பார்க்கக்கூட முகம் வரவில்லை.

அடுத்த மாதம் ஒரு பின்னேரம் சுதாகரன் வேர்த்து வடிய உள்ளே வந்தார்.

"அனே, மொக்கத மே! என்னா இது! ஆபீஸ் ஈமெயில தொறக்க முடியல. அவ கணக்குல மூணாம் பாடம் முடிச்சிட்டா, இவன் இங்கிலீஷ் ஆரம்பிச்சிட்டான்னு மெஷின் அனுப்புன மெயிலாக் குமிஞ்சு கெடக்கு. பூரா லயத்துப் பேரு!"

அனிற்றா பதிவைத் திறந்து பார்த்தாள். அடக் கடவுளே! லயத்து ஆள் ஒன்று விடாமல் ஆபீஸ் முகவரியையே போட்டிருந்தது. ஆபீஸ் வாசல் பலகையில் இருந்த ஈமெயிலைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். வேறு எதைப் போடுவார்கள்? பிறந்ததிலிருந்து எந்தக் காகிதத்திலும் ஆபீஸைத் தவிர வேறு முகவரி எழுதியறியாத ஜனம்.

மூலையில் ஷாமிளா திரும்பியே பார்க்கவில்லை. கணக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள்.

"மூடு! இப்பவே மூடு!"

"ஆபீஸ் அட்ரஸுக்கு மூடினா ஒங்க மகனுக்கும் மூடிரும் சார்."

"லயத்துக்கு மட்டும் மூடு."

"அப்ப லயத்துக்குன்னு ஒரு அட்ரஸ் குடுங்க சார், இந்த நிமிஷமே மாத்துறேன். எத்தன வருஷமா கேக்குறோம்?"

"பேரப் பாத்து மூடேன்!"

"பேரப் பாத்து எதுக்கு மூடுறோம்னு கொழும்புக்குச் சொல்லணும். நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

லயத்துக்குப் படிப்பு வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாரா சுதாகரன்? குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போனார். அனிற்றா மௌஸை மேசையில் மெதுவாக வைத்தாள்.

"முடிஞ்சுது டீச்சர்!" ஷாமிளா எழுந்து நின்றாள். "பாஸுன்னு காட்டுதுங்க. சர்டிபிகட் தபால்ல எந்த அட்ரஸுக்கு வரும்?"

அனிற்றாவுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"ஆபீஸுக்குத்தான்டி வரும், வேற எங்க? தெனம் போயி அவரு மேசைக்கு முன்னால நில்லு."