முதல் அரைப்பு

அவன் என் எதிரில் வந்து நின்று, ஊர் கேட்க, "அன்னைக்கு நான் சொன்னது பொய்" என்று சொல்ல வேண்டும். ஏழு வருடம் நான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். தொழிலில் விழுந்து எழுந்தவர்கள் நம்பிக்கை, விடாமுயற்சி என்று என்னென்னவோ சொல்கிறார்கள். வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் என்னை மேடையேற்றிக் கேட்டபோது நானும் அப்படி எதையோ சொல்லி மாலையை வாங்கிக்கொண்டு வந்தேன். அதெல்லாம் சும்மா. என்னை எழுப்பி நிறுத்தியது வயிற்றெரிச்சல்.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து மலைக்குப் போகிற ரோட்டில் எங்கள் மாவு மிஷின் இருந்தது. என் வீட்டுக்காரர் வைத்தது. ஓர் ஆயில் எஞ்சின், ஒரு ஜோடி அரைகல், மேலே தகரக் கொட்டகை, அவ்வளவுதான். வைத்த இரண்டாம் வருடமே காய்ச்சலில் அவர் போய்விட்டார். அறுபதுகளின் நடுவில் அது. அவர் வேலைக்கு வைத்திருந்தவனையே நானும் வைத்துக்கொண்டேன். என்னைவிட நாலைந்து வயது சின்னவன், பெண்டாட்டி பிள்ளைக்காரன். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். வாய்க்கு வாய் அக்கா என்பான். நானும் தம்பி என்றுதான் நினைத்திருந்தேன்.

மிஷின் கல் ஓடஓடத் தேயும். தேய்ந்தால் மாவு சூடேறிக் குருணையாக விழும். அப்போது கல்லைக் கழற்றி உளியால் கொத்த வேண்டும். கொத்திய கல்லில் பொடியும் சில்லும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் முதலில் தவிட்டைப் போட்டு ஓட்டி, வருவதைக் குப்பையில் கொட்டிவிட்டுத்தான் அடுத்தவர் தானியத்தைப் போடலாம். அந்த முதல் அரைப்பு யார் வாயிலும் படக் கூடாது. மிஷின் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது.

அவர் போன மறுவருட ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற ஊர் முழுக்கச் சேர்த்த கேழ்வரகு எங்கள் மிஷினுக்கு வந்தது. மறுநாள் கூழ் குடித்த வாயெல்லாம் நறநற என்றது. குழந்தைகள் துப்பின. ஒரு பெரியவருக்கு இருந்த ஒற்றைப் பல்லும் போய்விட்டது என்று கதை கட்டினார்கள். சாமி காரியத்தில் கல்! கோயில் வாசலில் கூட்டம் கூடி எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்துக் கேட்டது.

"கொத்துன கல்லுல தவுடு ஓட்டாம நேராப் போட்டுட்டோங்க," என்றான் அவன். "வேணாங்க்கான்னு நான் சொன்னேன். அக்காதான் போடுன்னாங்க."

"பொய்!" என்று கத்தினேன். "இவனே போட்டுட்டு என் தலையில கட்டறான். பொய் சொல்றான்!"

அவன் சொன்னது பொய்யா இல்லையா என்பதற்குப் பிறகு வருகிறேன், அவசரப்படாதீர்கள். ஊருக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. கல் அரைபட்டது என் மிஷினில். அன்றிலிருந்து ஒருத்தரும் என் கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவன் வேலையை விட்டு நின்றான். தை பிறந்ததும் ஒரு நிலக்காரரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு புது மிஷின் வைத்தான். எங்கே வைத்தான் தெரியுமா? ரோட்டுக்கு அந்தப் பக்கம், எனக்கு நேர் எதிரே. என் எஞ்சின் ஊமையாகக் கிடக்க, அவனுடையது காலையிலிருந்து டுப்டுப் என்று அடிக்கும். சோற்றில் கை வைத்தால் அந்தச் சத்தம்தான் காதில் விழும். "நாசமாப் போவ" என்று சொல்லிவிட்டுத்தான் முதல் கவளத்தை எடுப்பேன்.

என் அண்ணன் வந்து எஞ்சினை விற்றுவிட்டு அவரோடு வந்துவிடச் சொன்னார்.

"அவன் மூக்க அறுக்காம இந்த எடத்த வுட்டு நவுர மாட்டேன்."

"பைத்தியமா உனக்கு? வூட்டுக்கு வா புள்ள."

"ஆமா, பைத்தியந்தான். நீங்க போயிட்டு வாங்கண்ணா."

முதலில் கல் கொத்தப் பழகினேன். தெருவில் அம்மி கொத்த வந்த பெண்ணைக் கூப்பிட்டு, ஒரு வாரம் வீட்டிலேயே தங்கச் சொல்லி, உளி பிடிக்கக் கற்றுக்கொண்டேன். சில்லுத் தெறித்து மணிக்கட்டில் ஏறிய கரும்புள்ளிகள் இன்னும் இருக்கின்றன. கல்லை அவன் மண்டை என்று நினைத்துக் கொத்தினேன். வேலை சுத்தமாக வந்தது.

அடுத்து, அவன் யாரை ஒதுக்குகிறான் என்று பார்த்தேன். சித்தேரி மலைக்காரர்கள் கேழ்வரகும் சாமையும் தலைச்சுமையாக இறக்கிக்கொண்டு வருவார்கள். ஊர்க்காரர் கூடை வரவர அவர்கள் கூடை பின்னால் போய்க்கொண்டே இருக்கும். பொழுது சாய்கிறவரை அவன் வாசலில் குந்தியிருப்பார்கள். நான் நடுரோட்டில் போய் நின்றுகொண்டேன்.

"இங்க வாங்க ஆயா! எங்கிட்ட கூடை வெச்ச வரிசதான். உங்களுக்கு முன்னால ஆரும் பூந்துட முடியாது. அரைச்சுக்கிட்டு வெளிச்சத்துலயே மல ஏறிடலாம்."

இரக்கம் என்று நினைத்தீர்களானால் ஏமாந்துபோவீர்கள். அவன் வாசலில் நாலு கூடை குறைந்ததே என்ற குஷிதான். ஆனால் சொன்னது சொன்னதுதான் என்று ஆகிப்போனது. பெரிய வீட்டுக் கூடை வந்தாலும் கடைசியில்தான் வைத்தேன். அவர்கள் முறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள், பிறகு அவர்களே வரிசையில் வந்து நின்றார்கள்.

மூன்றாவதாக ஒரு விதி போட்டேன். கல் கொத்திய அன்று தவிடு கூடக் கிடையாது, என் சொந்தக் கேழ்வரகு ஒரு கூடை முதலில் ஓடும். அந்த மாவு குப்பைக்குப் போகும். அதற்கடுத்து விழும் மாவில் ஒரு பிடி அள்ளி, நிற்கிறவர்கள் பார்க்க வாயில் போட்டு மென்று காட்டுவேன். பச்சை மாவு தொண்டையை அடைக்கும். அவன் வாசலைப் பார்த்துக்கொண்டே விழுங்குவேன்.

எழுபதுகள் பிறந்தபோது எனக்குக் கரண்டு மோட்டார் வந்தது, இரண்டாவது ஜோடிக் கல் வந்தது. இரண்டு பெண்களை வேலைக்கு வைத்தேன். அதில் மூத்தவள், புருஷன் விட்டுப்போனவள், என் விதிகளை என்னைவிடக் கறாராகப் பார்த்தாள். என் பெரியம்மா வரிசையைத் தாண்டிக் கூடையை நீட்டியபோது, "பின்னால வைங்க" என்று சொல்லிவிட்டாள். எதிர்ப்பக்கம் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

ஏழாவது ஆடியில் அவன் எஞ்சின் உடைந்தது. சேலத்திலிருந்து சாமான் வர நாலு நாள் ஆகும் என்றார்கள். அவன் மகளுக்கு அம்மை போட்டு, பிழைப்பாளா என்று இருந்து, தேறி, தலைக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். ஊருக்கே கூழ் ஊற்றுவதாக வேண்டுதல். மறுநாள் கூழ் என்றால் அன்று மாலைக்குள் மாவைக் கரைத்துப் புளிக்க வைத்தாக வேண்டும். காலையில் கல்லைக் கொத்தி மாட்டிவிட்டுக் கதவைத் திறக்கிறேன், நாலு மூட்டைக் கேழ்வரகோடு முதல் ஆளாக அவன் நிற்கிறான். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர்.

அவன் கண் நேராகத் தரையில் கிடந்த உளிக்குப் போனது. மிஷின்காரனல்லவா! கல் இப்போதுதான் கொத்தியது என்று புரிந்துவிட்டது. முகம் வெளிறியது.

நான் நினைத்ததை மறைக்க மாட்டேன். என் கேழ்வரகுக் கூடையை ஓரமாகத் தள்ளிவிட்டு அவன் மூட்டையை நேரே கொட்டினால் முடிந்தது. நாளைக்கு ஊர் வாயில் கல், அவன் வேண்டுதலில் கல். அதே ஆடி, அதே மாரியம்மன். கை தானாகப் போய்க் கூடையைத் தள்ளிவிட்டது.

"அக்கா, நம்ம கூடை இன்னும் ஓடலீங்களே," என்றாள் மூத்தவள்.

"தெரியும். அவருத எடு."

"வேணாங்க்கா." என் கூடையைத் தூக்கித் தானே கொட்டிவிட்டு மோட்டாரைப் போட்டாள்.

வேணாங்க்கா. அந்தச் சொல்லை நான் முன்பே கேட்டிருக்கிறேன். சப்பென்று அறைந்த மாதிரி இருந்தது. என் கேழ்வரகு ஓடிக் குப்பைக்குப் போனது. பிறகு அவன் மூட்டை அவிழ்ந்தது. மாவு விழுந்ததும் ஒரு பிடி அள்ளி அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"மெல்லு."

வாயில் போட்டு மென்றான்.

"கல்லு இருக்குதா?"

"இல்லீங்க்கா."

"சத்தமா!"

"கல்லு இல்லீங்க!"

"அன்னைக்கு?"

உதட்டில் மாவோடு என்னைப் பார்த்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

"அன்னைக்கு நாந்தாங்க தவுடு ஓட்டாமப் போட்டேன். அக்கா சொன்னாங்கன்னு நான் சொன்னது பொய்ங்க."

வந்துவிட்டது. ஏழு வருடம் காத்திருந்த வாக்கியம், ஒரு சொல் குறையாமல். குளிர்ந்துபோயிருக்க வேண்டாமா நான்? அவன் கண்ணில் பயம் இல்லை. பாவம், வைத்துக்கொள்ளட்டும் என்கிற பார்வை. எனக்குப் பிச்சை போடுகிறான்! ஏனென்றால் அன்று அவன் சொன்னது மெய். கேழ்வரகு மலையாகக் குவிந்து கிடந்தது, கோயிலிலிருந்து ஆள் மேல் ஆள் வந்தது, அவன் இரண்டு தரம் வேணாங்க்கா என்றான், "ஒரு அரைப்புல என்னடா கொறஞ்சிடும், போடு" என்று கத்தியவள் நான்.

எனக்குத் தாங்கவில்லை. இவன் பெருந்தன்மையைச் சுமந்துகொண்டு மீதிக் காலத்தை ஓட்டுவதா?

"பொய் சொல்லாதடா!" என்று கூவினேன். "கல்லு இருந்துச்சு. நீ வேணாம்னே. நாந்தான் போடுன்னேன். மாரியாயி வாசல்ல பொய் சொன்னவ நாந்தான். உன் பிச்ச எனக்கு ஒண்ணும் வேணாம்!"

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற மலைக்காரப் பெண் தன் கூடையை ஓர் எட்டு முன்னால் நகர்த்தினாள்.

"செரி, இவருத முடிஞ்சா என்னுதுதான?"

"உங்களுதுதான் ஆயா," என்றாள் மூத்தவள்.

அவன் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். நன்றியும் சொல்லவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. மறுநாள் அவன் மகள், முகத்தில் தழும்போடு, ஒரு சொம்பு கூழ் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரே ஒரு கல்லாவது தட்டுப்படாதா, அவனை இன்னும் ஒரு வருடம் திட்டலாமே என்று, ஒவ்வொரு வாயையும் நாக்கால் துழாவித் துழாவிக் குடித்தேன். சொம்பு காலியாயிற்று. ஒரு பொடிக் கல்கூட இல்லை.