இஸ்திரி போடாத கோபம்

ஸ்டெல்லா அக்கா போய்விட்ட செய்தியை வேலம்பாளையத்தில் எங்கள் பனியன் பிரிண்டிங் கம்பெனியின் அறிவிப்புப் பலகையில்தான் பார்த்தேன். ‘டிசைன் பிரிவில் பதினோரு ஆண்டுகள் பணிபுரிந்த ஸ்டெல்லா அவர்கள் நேற்று மாரடைப்பால் காலமானார். ஒருநாள்கூட விடுப்பு எடுக்காத உழைப்பாளி.’ இரண்டாவது வாக்கியத்தைப் படித்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. அவரோடு வேலை பார்த்த உங்களுக்கும் எரிந்திருக்கும். அக்கா லீவு கேட்டார், இவர்கள் கொடுக்கவில்லை. அதை எழுத மட்டும் கை வரவில்லை.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். பகலெல்லாம் குழந்தைகள் பனியனுக்குக் கரடியும் பூவும் வரைவார். சாப்பாட்டு நேரத்தில், மீந்த சாயத்தை வழித்துக் கழிவுத்துணியில் வேறு படம் போடுவார். அதில் கரடியும் இருக்காது, பூவும் இருக்காது. வண்ணமும் கோடும் மட்டும்தான். “இது என்னதுங்க அக்கா?” என்று கேலியாகக் கேட்டால், “நேத்து கொழாயில தண்ணி வராத எரிச்சல் தம்பி,” என்பார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்கும் எரிச்சல் வரும்.

ஊரில் அவருடைய அம்மா இறந்தபோது, சரக்கு கப்பலுக்குப் போகவேண்டிய ஷிப்மென்ட் நேரம். “ரெண்டு நாள் பொறுத்துப் போலாமுங்க, ஊரு எங்கயும் ஓடிப்போயிராதுங்க,” என்றார் மேனேஜர். பிணம் இரண்டு நாள் பொறுக்குமா? அக்கா போனில் தன் தம்பியிடம், “எனக்காவ காத்துருக்க வேண்டாம்யா, எடுத்துருங்க,” என்று சொன்னது எங்கள் மேசைவரை கேட்டது. நாங்கள் தலையைக் குனிந்து வேலையைப் பார்த்தோம்.

அன்று அவர் போட்ட படம் முழுக்கக் கரும்பச்சை. குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. “கோபம்னா சிவப்பு இல்லீங்களா அக்கா?” என்றேன். “செவப்பெல்லாம் பொறவுதான் தம்பி. மொதல்ல வயித்துக்குள்ள பித்தம் மாதிரி பச்சையாத்தான் வரும்.” கோடு நடுங்கி நடுங்கிப் போய், ஓரிடத்தில் அழுந்தித் துணியையே கிழித்திருந்தது. அந்தக் கிழிசலைத் தொட்டு, “இங்கனதான் போனை வச்சேன்,” என்றார்.

அதைப் பார்த்துவிட்டு மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? “கோட்ட நேராக்கி, கலர கொஞ்சம் வெளிற விட்டா குழந்தைங்க பனியனுக்கு அருமையா இருக்குமுங்க.” கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதைச் செய்து கொடுத்தவன் வேறு யாருமல்ல, நான்தான். மாதிரிப் பனியனைக் கையில் வாங்கிப் பார்த்த அக்கா, “கோவத்த இஸ்திரி போட்டுட்டியே தம்பி,” என்றார். அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அவர் அடக்கத்துக்குப் போக லீவு கேட்டேன். இப்போதும் ஷிப்மென்ட், இப்போதும் அதே மேனேஜர். “சாயங்காலமா போய்க்கலாமுங்க,” என்றார். மார்க்கரை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனேன். அந்த இரண்டாவது வாக்கியத்தின் மேல் கோடு இழுத்தேன். அது கோணலாகப் போனது, போகட்டும் என்று விட்டேன். ‘விடுப்பு’ என்ற இடத்தில் தாள் கிழிந்தது.

“ஏனுங்க, என்னத்த இப்படிக் கிறுக்கறீங்க?” என்று மேனேஜர் பின்னால் வந்து நின்றார்.

“இங்கதானுங்க அக்கா போனை வச்சாங்க,” என்று சொல்லிவிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பினேன்.

ஸ்டெல்லா அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தக் கோணல் கோடு. இனி யார் சொன்னாலும் அதை நேராக்கித் தர மாட்டேன்.