பதினெட்டு வீட்டுப் பால்

பரவைக் கடைத்தெருவில் எங்கள் அடுக்குமாடி எழுந்ததும், பதினெட்டுக் குடும்பமும் தனித்தனியாக ஜோசியம் பார்த்துப் பால் காய்ச்ச நாள் குறித்தோம். ஒரு ஜோசியராவது மாற்றிச் சொல்லியிருக்கலாம், எல்லோரும் ஒரே வெள்ளிக்கிழமையைத்தான் சொன்னார்கள். அந்த வெள்ளிக்கிழமை காலை, நாலு பேர் மட்டுமே ஏறக்கூடிய லிஃப்டின் முன்னால் குத்துவிளக்கும் சாமி படமுமாக வரிசை நின்றது. ஆறரைக்குப் பதினெட்டு அடுப்பிலும் பால் பொங்கியது.

பொங்கிய பாலை அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க வேண்டுமே! நான் எதிர்வீட்டில் ஒரு தம்ளரை நீட்டினால், அங்கிருந்து ஒன்று என் கைக்கு வந்தது. ஏழாவது தம்ளரில் என் கணவர் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு, "டீ குடிச்சிட்டு வாரேன்" என்று கீழே ஓடினார். நானும் பின்னாலேயே போனேன்.

கட்டடத்தை ஒட்டிய டீக்கடையில் மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "கடைப் பால் பூராத்தையும் நீங்களே வாங்கிட்டுப் போயிட்டீக. தெருவுல மனுசன் டீ குடிக்க வேணாமா?"

நியாயம்தானே. மீந்த பாலையெல்லாம் எல்லோரும் பானையோடு கீழே கொண்டுவந்தோம். மாஸ்டர் மொத்தத்தையும் ஒரே சட்டியில் ஊற்றி டீ போட்டார். தெருவே குடித்தது.

பூக்கடை அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, "அண்ணே, இது எந்த வீட்டுப் பாலு? இம்புட்டு ருசியா இருக்கு!" என்றார்.

"எங்க வீட்டுது!" என்று பதினெட்டு வீட்டுக்காரர்களும் ஒரே குரலில் கத்தினோம்.