முதல் கட்டிலின் நோயாளி

அந்த மருத்துவமனையில் ரத்தக்கா பலமுறை சாகக் கிடந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் பிழைத்து எழுந்து, கை கால் கழுவி, துணி அறைக்குப் போய் மிச்சமிருந்த விரிப்புகளை மடித்திருக்கிறார்.

துணி அறையில்தான் அவருக்கு வேலை. ரத்தக்கா என்ற பட்டப்பெயர் அரசு ஆய்வால் வந்தது. பிரசவப் பிரிவுகள் பாதுகாப்பாக இயங்குகின்றனவா என்று பார்க்க ஆண்டுதோறும் ஒரு குழு வரும். வந்ததும் ஒரு பரீட்சை வைக்கும். குழந்தை பெற்ற ஒரு பெண்ணுக்கு ரத்தம் நிற்கவில்லை என்று வைத்துக்கொண்டு, ஊழியர்கள் அவளை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று கவனிக்கும். முதன்முதலில் அந்தப் பெண்ணாகப் படுத்த நர்ஸ், வயிற்றைத் தொட்டதும் கூச்சம் தாங்காமல் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டார். விரிப்பு கொடுக்க வந்த இவரைப் பிடித்துப் படுக்கவைத்தார்கள். அவர் போட்ட கூச்சலில் வெளியே நின்ற யாரோ ஒருத்தியின் புருஷன் மயங்கி விழுந்தான். அதற்குப் பிறகு வேறு ஆளைத் தேடவே இல்லை. பீட்ரூட் சாற்றில் சோளமாவு கரைத்து ரத்தம் தயாரிப்பதும் அவர் பொறுப்பாகவே ஆனது.

பிரசவ அறையின் முதல் கட்டில் அவருடைய மேடை. அவர் முனகத் தொடங்கியதும் டாக்டர் ஓடிவருவார், ஒரு நர்ஸ் வயிற்றை அழுத்துவார், இன்னொருவர் ஊசியோடு நிற்பார். குழு பாராட்டிவிட்டுப் போகும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் தன் மகளுக்கும் இங்கேதான் பிரசவம் என்று ரத்தக்கா அடம்பிடித்தார். சம்பந்தி வீட்டார் வேறு மருத்துவமனையைச் சொன்னபோது முகத்துக்கு நேராகவே மறுத்தார்.

“துணி மடிக்கிற என்னையே அந்தத் தாங்கு தாங்குறாங்க. உன்னை விட்டுடுவாங்களாடி?” என்று மகளைக் கேட்டார்.

ஆய்வு நாள் காலையில் மகளுக்கு வலி கண்டது. பிரசவ அறையை ஒட்டிய சிறிய அறையில் சேர்த்தார்கள். மாப்பிள்ளையைக் காவல் வைத்துவிட்டு, சாறு கரைக்க ரத்தக்கா துணி அறைக்கு வந்தார். அங்கே ஆய்வுக் குழுவின் புது அதிகாரி ஒருத்தி தனியாக வந்து நின்றாள்.

“நோயாளி நீங்கதானா?”

“ஆமா மேடம். ரத்தம் ரெடி.”

“எடுத்துக்கிட்டு என்கூட வாங்க. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்.”

பிரசவ அறையைத் தாண்டி நடைபாதையின் மறுகோடிக்கு அழைத்துப் போனாள். குழந்தை பிறந்த பிறகு தாய்மாரைப் படுக்கவைக்கும் வார்டு அது. மூலையில் காலிக் கட்டில் ஒன்று இருந்தது. பக்கத்துக் கட்டிலில் வெளிறிக் கிடந்த பெண்ணிடம், “இது பரீட்சைதான், பயப்படாதீங்க” என்று சொல்லிவிட்டு, அதிகாரி குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். ரத்தக்கா சாற்றை ஊற்றிக்கொண்டு மணியை அழுத்தினார்.

மணி அடித்தது. யாரும் வரவில்லை. முனகினார், பிறகு கத்தினார். முன்பு யாரோ ஒருத்தியின் புருஷனை மயங்கி விழவைத்த அதே குரல்தான். நடைபாதையில் ஒரு செருப்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை. சாறு கட்டிலிலிருந்து சொட்டித் தரையில் குளமாய்த் தேங்கிய பிறகுதான் குண்டு நர்ஸ் ஒருவர் அவரைத் தேடி மூச்சு வாங்க வந்து நின்றார்.

“அய்யோ அக்கா! இங்க என்ன பண்றீங்க? அங்க எல்லாரும் கையுறை மாட்டிக்கிட்டு உங்களுக்காக நிக்கிறோம்!”

“ரத்தம் போகுதும்மா.”

“அதை அங்க வந்து சொல்லுங்கக்கா. இந்த விரிப்பையும் நீங்கதானே துவைக்கப் போடணும்? எழுந்து வாங்க, ஹெட் சிஸ்டர் கடிச்சுக் குதறிடுவாங்க!”

மணியை நிறுத்திவிட்டு நர்ஸ் திரும்பி ஓடினார்.

ரத்தக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அதிகாரி அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்ப் பிரசவ அறையின் கண்ணாடி வழியே காட்டினாள். உள்ளே டாக்டரும் ஹெட் சிஸ்டரும் நர்ஸுகளும் முதல் கட்டிலைச் சுற்றி நின்றிருந்தார்கள். சலைன் தொங்கியது. ஊசியில் மருந்து ஏற்றியிருந்தது. எல்லாக் கண்களும் வாசலையே பார்த்திருந்தன. கட்டிலில் ஆளில்லை.

அதிகாரி எல்லோரையும் வார்டுக்கே வரவழைத்தாள். பரீட்சை முடிந்ததும் நோயாளியிடம் வாக்குமூலம் கேட்பது வழக்கம். ரத்தக்கா எப்போதும் “நல்லா பாத்துக்கிட்டாங்க” என்பார். ஹெட் சிஸ்டர் அவர் பக்கத்தில் வந்து நின்று குரலைத் தாழ்த்தினார்.

“நர்ஸ் வந்தாங்கல்ல? வந்தாங்கன்னு சொல்லுங்க, போதும். உங்க பொண்ணு எங்க கையிலதான் இருக்கா, நாங்க பாத்துக்க மாட்டோமா?”

அன்பாகத்தான் சொன்னார். ரத்தக்கா சாறு சொட்டிக்கொண்டிருந்த கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். குழந்தை பிறந்ததும் மகளை இந்த மூலைக் கட்டிலுக்குத்தான் கொண்டுவருவார்கள்.

“நான் செத்துட்டேன் மேடம்,” என்றார். “நர்ஸ் வந்தாங்க. என்னை எழுந்து நடந்து வரச் சொன்னாங்க.”

“இது நியாயமே இல்ல!” ஹெட் சிஸ்டர் குரல் உயர்ந்தது. “ஆய்வுன்னு எல்லாரையும் ஒரே இடத்துல நிறுத்திட்டேன். மத்த நாள்ல இப்படி நடக்காது.”

“முந்தாநாளும் நடந்துச்சு,” என்றது பக்கத்துக் கட்டில்.

எல்லோரும் திரும்பினார்கள். அந்தப் பெண்ணால் தலையைத் தூக்கக்கூட முடியவில்லை. “எனக்கு நிஜமாவே போச்சு. மணி அடிச்சு அடிச்சு விரல் வலிச்சதுதான் மிச்சம். மாமியார் துணியை வச்சு அழுத்திக்கிட்டே அழுதாங்க. ரொம்ப நேரம் கழிச்சு வந்தவங்க, ஒத்திகை நடக்குதுன்னு சொன்னாங்க.”

ரத்தக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். முந்தாநாள் ஆய்வுக்கான ஒத்திகையில் முதல் கட்டிலில் படுத்திருந்தவர் அவர்தான். தூரத்தில் மணி அடித்தது அவர் காதிலும் விழுந்தது. “அப்புறம் பாக்கலாம், இங்க முடியட்டும்” என்று யாரோ சொல்ல, அவர் இன்னும் உருக்கமாக முனகியிருந்தார். ஏழெட்டுப் பேர் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்த நேரத்தில், நிஜ ரத்தம் இந்தக் கட்டிலில் ஓடியிருக்கிறது.

டாக்டர் அந்தப் பெண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். உடனே ரத்தம் ஏற்றச் சொல்லி ஆள் அனுப்பினார்.

அதிகாரி அங்கேயே உத்தரவு போட்டாள். இந்த வார்டில் எந்நேரமும் ஒரு நர்ஸ் இருக்க வேண்டும். ஒத்திகை, ஆய்வு, எதற்காகவும் நகரக் கூடாது. அதற்கென்று தனி ஆள் போடும்வரை புதிதாக யாரையும் பிரசவத்துக்குச் சேர்க்கக் கூடாது. அந்தக் காவலில் முதல் முறை குண்டு நர்ஸுக்கு விழுந்தது.

ரத்தக்கா மகளிடம் போனபோது புடவையெல்லாம் சிவப்பு. இரண்டு வலிக்கு நடுவே மகள் சிரித்தாள்.

“என்னம்மா, இந்தத் தடவையும் பொழைச்சிட்டியா?”

ரத்தக்கா மகளின் நெற்றியைத் துடைத்துவிட்டு வெளியே வந்து, மாப்பிள்ளையிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: “உங்க வீட்டுல சொன்னது சரிதான் மாப்பிள்ளை. நான்தான் கேக்கல.” மாப்பிள்ளை எதுவும் விளங்காமல் அவர் புடவையையே பார்த்தான்.

சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. மகளைத் தள்ளுவண்டியில் ஏற்றியதும் ரத்தக்கா வழியை மறித்து நின்றார்.

“முதல்ல நான் போய்ப் பாத்துட்டு வர்றேன். ஆள் இல்லேன்னா இவளை அனுப்ப விடமாட்டேன். என் சீட்டைக் கிழிச்சாலும் சரி.”

வார்டில் குண்டு நர்ஸ் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வெளிறிய பெண்ணின் நாடியைப் பிடித்திருந்தார். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. ரத்தக்காவைக் கண்டதும் பதறி எழப் போனார்.

“உக்காரு,” என்றார் ரத்தக்கா. “யார் கூப்பிட்டாலும் எழுந்திரிக்காத.”

“ஹெட் சிஸ்டர் கூப்பிட்டா?”

“நான் கூப்பிட்டாலும்.”