அப்பா அறையை எடுத்த பொத்தான்

இன்றைக்கு மகனோடு பரவை ஊரில் வீட்டுப் பிளான் போடும் ஆபீசுக்குப் போனேன்.

கம்ப்யூட்டரில் எங்கள் புது வீடு கோடு கோடாகத் தெரிந்தது. ஒரு கட்டத்துக்குள் தமிழில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். "அப்பா அறை." போன மாதம்தான் படிக்கக் கற்றுக்கொண்டேன். அம்புட்டு சந்தோசம்.

"கார் நிக்க இடம் பத்தல. அந்த ரூம எடுத்துருங்க" என்றான் மகன்.

படம் வரையும் பிள்ளை அந்தக் கட்டத்தைத் தொட்டு, அழிக்கிறதுக்கான இங்கிலீஷ் 'ஈ'யைத் தட்டி என்டரை அமுக்கியது. அறை போய்விட்டது. கொத்தனாரான எனக்கே ஒரு சுவரை இடிக்க அரை நாள் ஆகும்.

"திரும்பக் கொண்டுவர முடியாதா, தாயி?"

"கன்ட்ரோலையும் இசட்டையும் சேத்து அமுக்குனா வந்துரும் தாத்தா."

சொல்லிவிட்டு என் மகனைப் பார்த்தது. அவன் போனைப் பார்த்தான்.

உங்கள் வீட்டில் அந்த இரண்டு பொத்தானும் யார் கையில் இருக்கிறது?