தீர்ப்பு சொல்லப் போன குமாஸ்தா

நீதிபதி தீர்ப்பை வாசித்துவிட்டு எழுந்து போய்விடுவார். வக்கீல் அடுத்த கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். வராந்தாவில் காத்து நிற்கிற கட்சிக்காரன் காதில் அதைப் போடுகிற வேலை மட்டும் குமாஸ்தா தலையில் வந்து விழும்.

மகாராஜா காலத்தில், திருவனந்தபுரம் ஹைக்கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் நான் குமாஸ்தாவாக இருந்தேன். சொந்த ஊர் நாஞ்சில் நாடு. அதனால் தெற்கே இருந்து வருகிற தமிழ்க் கட்சிக்காரர்கள் எல்லாம் என் பங்கு. தீர்ப்பு இங்கிலீஷில் வரும், ஆபீசில் பேச்சு மலையாளம், வந்தவருக்குத் தெரிந்ததோ தமிழ். நடுவில் நான். கோர்ட்டுப் படி ஏறி இறங்கியவர்களுக்கு என் பாடு சொல்லாமலே விளங்கும். ஏறாதவர்கள் கடைசிவரை ஏறாமலே இருக்கப் பழவங்காடிப் பிள்ளையார் அருள் செய்யட்டும்.

முன்வாசலும் பின்வாசலும்

வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு போதாது. தீர்ப்பு முழுவதையும் வாய் பிளந்து கேட்டுவிட்டு, ஜெயமா தோல்வியா என்று தெரியாமல் வெளியே வருவேன். வக்கீல் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அவருக்குப் பிறவியிலேயே ஒரே முகம். கல்யாண வீட்டிலும் அதே முகம்தான், சாவு வீட்டிலும் அதே முகம்தான்.

பக்கத்து வக்கீலிடம் தலை நரைத்த ஒரு குமாஸ்தா இருந்தார். கரமனை அக்கிரகாரத்துக்காரர். என் முழியைப் பார்த்து இரக்கப்பட்டு, அவர் ரகசியமாகச் சொல்லிக் கொடுத்த பாடம் இது: "உம்ம வக்கீல் முன்வாசல் வழியா வந்தார்னா நாம ஜெயிச்சாச்சுன்னு அர்த்தம். பின்வாசல் வழியா நழுவினார்னா கட்சிக்காரன் தோத்துட்டான்னு அர்த்தம்."

தண்ணீர் தருகிறேன்

தோவாளைப் பக்கம் இரண்டு வயற்காரர்கள், பங்காளிகள். ஒரே கால்வாய்த் தண்ணீருக்காகக் கீழ்க் கோர்ட்டில் அடித்துக்கொண்டார்கள். அங்கே நல்லபெருமாள் ஜெயித்தார். அவர் எங்கள் கட்சி. தோற்ற ஆறுமுகம் ஹைக்கோர்ட்டுக்கு அப்பீல் போட்டார். தீர்ப்பு நாளன்று இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கி, பழவங்காடியில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆளுக்கொரு தேங்காய் உடைத்தார்கள். முகத்தோடு முகம் பார்க்கவில்லை. பிள்ளையார் இரண்டையும் வாங்கிக்கொண்டார்.

தீர்ப்பு வந்தது. நான் வராந்தாவுக்கு ஓடி, "அப்பீல் தள்ளுபடி அண்ணாச்சி!" என்றேன். கோர்ட்டுக்காரனுக்கு இது தேன் மாதிரி இனிக்கிற வார்த்தை. ஆனால் நல்லபெருமாளுக்குக் காதில் விழுந்தது 'தள்ளுபடி' ஒன்றுதான். தூணில் சாய்ந்து உட்கார்ந்து, வயலே போயிற்று என்று வாய்விட்டு அழ ஆரம்பித்தார். எதிர்த்தூணில் இருந்த ஆறுமுகம் அந்த அழுகையைப் பார்த்தார். தாம் ஜெயித்துவிட்டோம் என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது. என்னதான் இருந்தாலும் ஒரே ரத்தம் அல்லவா, மனசு கேட்கவில்லை. எழுந்து வந்து தோளைத் தொட்டு, அழ வேண்டாம், உன் வயலுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறேன் என்றார். கூடியிருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

தள்ளுபடியானது ஆறுமுகத்தின் அப்பீல்தான் என்பதை இருவருக்கும் விளங்க வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. ஆறுமுகத்தின் முகம் செத்துவிட்டது. நல்லபெருமாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "செயிச்சிட்டோம்னு நெனச்ச நேரத்தில அவன் எனக்குத் தண்ணி தாறேன்னு சொல்லிட்டான் வே. இப்பம் நான் செயிச்சிட்டு மாட்டேன்னா, ஊருல எவன் என் மொகத்தில முழிப்பான்?"

மரியாதையான நோட்டீஸ்

ஆரியசாலையில் மொத்த வியாபாரம் செய்கிற செட்டியார் ஒருவர், கடைக்கு முன்னால் வெயிலுக்காக ஓலைச் சார்ப்பு இறக்கியிருந்தார். ஒருநாள் ஒரு சர்க்கார் ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து, கேள்வி முறை இல்லாமல் அதைப் பிடித்து இழுத்துப் போட்டுவிட்டார்கள். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன், அங்கே எனக்கு இன்னும் காரியம் ஆக வேண்டியிருக்கிறது. செட்டியார் மறுபடியும் சார்ப்பைக் கட்டிவிட்டு ஹைக்கோர்ட் வரைக்கும் வந்தார். முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்து, அவர் பதில் என்ன, சமாதானம் என்ன என்று கேட்காமல் அதைத் தொடக் கூடாது என்று தீர்ப்பாயிற்று.

ஒரு மாதம் சென்றிருக்கும். செட்டியார் சிரித்த முகத்தோடு பழக்கூடையும் கையுமாக வந்தார். மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். சார்ப்பை ஏன் இடிக்கக் கூடாது என்று அதே ஆபீசிலிருந்து வந்த நோட்டீஸ்! நான் பதறிப் போனேன். அவர் என்னைக் கையமர்த்திவிட்டுச் சொன்னார்: "இடிச்சா இடிச்சிட்டுப் போறான் பிள்ளைவாள். முந்தி சேவகன் வந்து எடா போடான்னான். இப்பம் எம் பேருக்கு முன்னால ஸ்ரீ போட்டு, உமக்கு என்ன சமாதானம்னு கேட்டு எழுதியிருக்கான். நான் அலைஞ்சது இதுக்குத்தானே?"

கம்பளி வழக்கு

போனக்காட்டு மலையில் தேயிலை பறிக்கிறவள் மாடத்தி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். அவள் புருஷன் சுடலை, கங்காணி வீட்டுக்குத் தீ வைத்தான் என்று செஷன்ஸ் கோர்ட் தண்டித்து, பூஜப்புரை ஜெயிலில் கிடந்தான். பிள்ளை பிறந்தது அவன் உள்ளே போன பிறகு. எங்கள் வக்கீல் தர்மத்துக்கு எடுத்துக்கொண்ட வழக்கு அது. இருட்டில், மழையில், கறுப்புக் கம்பளி போர்த்து ஓடியவனைப் பின்னாலிருந்து பார்த்ததாக ஒரே சாட்சி. மழைக்காலத்தில் அந்த மலையில் அத்தனை பேரும் கறுப்புக் கம்பளிதான் போர்த்தியிருப்பார்கள், இதை நம்பி ஒருவனை உள்ளே போட முடியாது என்று தண்டனையை ரத்து செய்துவிட்டார்கள்.

நான் வெளியே வந்து, "விடுதலை அம்மா" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் கதவைப் பார்த்தாள். அவன் அந்த வாசல் வழியாகவே வருவான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். உத்தரவை நகல் எடுத்து, ஒத்துப் பார்த்து, கையெழுத்தாகி, முத்திரை விழுந்து ஜெயிலுக்குப் போனால்தான் ஆளை விடுவார்கள் என்பதை எப்படிச் சொல்வேன்? அதிலும் மறுநாள் முதல் கோர்ட்டுக்கு ஓணம் லீவு. உத்தரவு அன்றைக்கே போகாவிட்டால், நிரபராதி என்று தீர்ப்பான மனிதன் ஓணம் முடிகிறவரை உள்ளேதான் கிடக்க வேண்டும்.

பெஞ்சு கிளார்க் கண்டிப்பான மனுஷர். பெட்டியைக் கட்டி மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு, ஓணத்துக்கு ஊருக்குப் போக ஆற்றிங்கல் பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். ஜன்னல் வழியாக, பிள்ளையும் கையுமாக நின்ற மாடத்தியை எட்டிப் பார்த்தார். பெட்டியைக் காலால் உள்ளே தள்ளினார். பேனாவை எடுத்தார். "ஓணம் எனிக்கு மாத்ரம் மதியோ, பிள்ளே?" என்றார். ஓணம் எனக்கு மட்டும் இருந்தால் போதுமா என்று கேட்கிறார். அவரே உட்கார்ந்து எழுதி, அவரே நீதிபதியின் அறைக்குப் போய்க் கையெழுத்து வாங்கி வந்தார். பஸ் போய்விட்டது. அவரை நான் கையெடுத்துக் கும்பிட்டேன். இப்போது நினைத்தாலும் கும்பிடத்தான் தோன்றுகிறது.

உத்தரவோடு கோர்ட்டுச் சேவகரான டபேதார், மாடத்தி, நான் மூவரும் ஒரு குதிரை வண்டியில் பூஜப்புரைக்குப் போனோம். வழியில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். மன்னித்து விட்டார்களா, செய்யவில்லை என்று விட்டார்களா? அவன் பேரில் ஒரு கறையும் கிடையாது, கோர்ட்டே கழுவி விட்டுவிட்டது என்றேன்.

பொழுது சாயும் நேரத்தில் சுடலை வந்தான். மெலிந்திருந்தான். அவள் பிள்ளையை நீட்டினாள். அவன் இரண்டடி பின்வாங்கி, கைகளை வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். இது ஜெயில் கை, எங்கேயாவது தண்ணீர் கிடைத்தால் கழுவிவிட்டு வந்து தூக்குகிறேன் என்றான். டபேதார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மாடத்தி மட்டும் அழவில்லை. ஓரெட்டு முன்னால் வைத்து அவன் நெஞ்சோடு பிள்ளையைச் சாய்த்தாள்.

"கோர்ட்டே கழுவி விட்டாச்சாம். பேசாம பிள்ளையப் பிடியும்."

நியாயம் மேலே இருந்து வருகிறது என்பார்கள். நான் பார்த்த மட்டில், யாராவது ஒருவர் தம் பஸ்ஸைத் தவறவிட்டால்தான் அது ஜெயில் வாசல் வரைக்கும் வந்து சேருகிறது.